வரிசை எண் இருபது

திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்று கேள்விகள் கேட்பார். எந்த ஊர், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு. முதல் இரண்டுக்கும் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஊர் உவரி, வேலை மாநில அரசாங்க வேலை. மூன்றாவதற்கு முப்பது வருஷமாக உண்மை சொன்னதில்லை. எங்கள் ஆபீஸில் யாருமே சொன்னதில்லை. லஞ்சம் எவ்வளவு என்று கேட்டால்கூட ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிடுவான், சம்பளத்தைச் சொல்லமாட்டான்.

துறையின் பெயர் வேண்டாம், ஓய்வு பெற எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மாடிப்படி ஏறினால் வரும் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சிலுவைமுத்து, உதவியாளர், பில் செக்‌ஷன். பத்தொன்பது பேருக்கு மாதாமாதம் சம்பளப் பட்டியல் என் மேஜையிலிருந்துதான் கருவூலத்துக்குப் போகிறது. பங்குச் சாமியாருக்கு ஊரார் பாவமெல்லாம் தெரியும், எனக்கு இவர்கள் சம்பளமெல்லாம் தெரியும். இரண்டுமே வெளியே போகக்கூடாத விஷயங்கள்.

யார் யார் எங்கெங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். கண்காணிப்பாளர் சங்கர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் நூறு பவுன் கேட்டதால், கையில் வருவது ஐம்பத்தைந்தாயிரம்தான் என்று சத்தியம் செய்திருக்கிறார். அது பொய்யுமில்லை, வீட்டுக்கடன், வைப்பு நிதி எல்லாம் போக அவ்வளவுதான் வரும். மொத்தம் ஒரு லட்சத்து நாலாயிரம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். இளநிலை உதவியாளர் பெனிட்டோ தனக்கே பெண் பார்க்கிறான். வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது, முப்பத்து மூவாயிரம் சம்பளத்தைப் பெண் வீட்டில் அறுபது என்று சொல்லியிருக்கிறான். அலுவலக உதவியாளர் அன்னத்தாய், புருஷன் இறந்ததால் கிடைத்த வேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வாங்குவது நாற்பத்தாறாயிரம். குடிக்கிற மகனிடம் பதினாலு என்று சொல்லிவிட்டு மீதியை மகள் பேரில் போட்டுவருகிறாள். எனக்கு எழுபத்திரண்டாயிரம். உவரியில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற என் தம்பிமார் இருவரும் அது முப்பத்தெட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பாவிட்டால் சீசனுக்கு ஓர் இன்ஜின் என் தலையில் விழும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஆபீஸுக்கு வேதநாயகம் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு மனுப் போட்டார். பாளையங்கோட்டைக்காரர். ஓய்வு பெற்றதும் சிலர் வாக்கிங் போவார்கள், இவர் மனுப் போடுவார். ஒவ்வோர் அரசு அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்களின் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவில் இருக்கிறதே, உங்கள் பட்டியல் எங்கே என்று கேட்டிருந்தார்.

இந்த மாதிரி மனுக்களுக்கு எங்களிடம் பதில் தயாராக உண்டு. கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது என்று எழுதுவோம். பத்து வருஷமாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த மாதம் பார்த்து ஒரு புது அதிகாரி வந்திருந்தார். பெயர் சித்ரலேகா, தர்மபுரிப் பக்கம், வயது முப்பத்தொன்று, நேரடித் தேர்வு எழுதி வந்தவர். மனுவைப் படித்துவிட்டு, "சட்டத்துல இருக்குன்னா போட்டுற வேண்டியதுதானே சார்," என்றார். கீழே மாடிப்படி வாசலில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாற்போல, தகரப் போர்டில் பெயின்டால் எழுதிப் பத்து நாளைக்குள் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

அன்று மத்தியானமே என் மேஜைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது.

"வே சிலுவை, ஊதியம்னா என்னவே?" என்று சங்கர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கையில வாங்குததுதானவே ஊதியம்? பிடிச்சது போக உள்ளத மட்டும் எழுதும்."

அவர் நகர்ந்ததும் பெனிட்டோ வந்தான். "அண்ணாச்சி, மொத்தத்தப் போடுங்க. அலவன்ஸ், அரியர் எல்லாத்தையும் சேத்து."

அன்னத்தாய் கடைசியாக டீயோடு வந்தாள். "என் பேர மட்டும் விட்டுருங்க சார். நான் என்ன ஆபீசரா, என் சம்பளத்தத் தெரிஞ்சு ஊருக்கு என்ன ஆகப்போவுது?" கண் கலங்கியிருந்தது. மகன் போர்டைப் படித்தால் அன்று சாயங்காலமே வீட்டில் அடி விழும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் டீயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஊதியம் என்றால் மொத்தமா, கையில் வருவதா என்று தலைமை அலுவலகத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதலாம் என்று சங்கர் ஒரு குறிப்பு வைத்தார். நல்ல குறிப்பு. பதில் வர ஆறு மாதம் ஆகும், அதற்குள் அவர் மகள் கல்யாணம் முடிந்துவிடும். சித்ரலேகா மேடம் அதன் ஓரத்தில் பச்சை மையால் ஒரே வரி எழுதினார். மொத்தம், பிடித்தம், கையில் பெறுவது, மூன்றையும் எழுதுக.

பட்டியலை டைப் செய்தது தஸ்லிமா. எங்கள் ஆபீஸில் எதையும் டைப் செய்வது தஸ்லிமாதான். மேலப்பாளையத்துப் பெண், முப்பத்து மூன்று வயது, கணினி இயக்குபவர். பதினோரு வருஷமாக ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் எங்கள் ஊழியர் இல்லை. ஓர் ஏஜென்சி அனுப்பிய ஆள். ஏஜென்சிக்கு நாங்கள் பணம் கொடுப்போம், ஏஜென்சி அவளுக்குச் சம்பளம் கொடுக்கும், மாதம் பதினோராயிரத்து நானூறு. லீவு கிடையாது, போனஸ் கிடையாது. பொங்கலுக்கு எங்களுக்கெல்லாம் போனஸ் பட்டியல் போடுவதும் அவள்தான்.

பட்டியலின் நகலை என்னிடம் கொண்டுவந்தவள் போகாமல் நின்றாள்.

"சார், போர்டுல என் பேரு வராதுல்லா?"

"நீ ஏஜென்சி ஆளும்மா. அதுல எப்படி வரும்?"

"மாமி பாக்க வருதேன்னு சொல்லுதாங்க. பக்கத்து வீட்டு ஆளுகளையும் கூட்டிக்கிட்டு."

பைய விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்தின்போது தரகர், பெண் கவர்மென்ட் வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். இவள் வாப்பா மறுக்கவில்லை, இவளும் மறுக்கவில்லை. புருஷன் ஹாஜா சவுதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மாமியார் மைதீன் பாத்திமாவுக்குத் தெரு முழுக்க ஒரே பேச்சுத்தான், என் மருமவ கவர்மென்ட்ல இருக்கா. சம்பளம் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டபோது, மொத்தம் முப்பத்தாறாயிரம், அதில் இருபத்து நாலாயிரத்து அறுநூறு பிடித்தம் போய்விடும், ரிட்டயர் ஆகும்போது மொத்தமாகக் கொடுப்பார்கள் என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பணத்தை நம்பி வீட்டுக்கு மாடி எடுக்கக் கம்பி நிறுத்தியாயிற்று.

"அவ்வளவா பிடிப்பாங்கன்னு உங்க மாமி நம்பினாங்களா?"

"நீங்க எல்லாரும் மாசக் கடைசில பிடித்தம் பிடித்தம்னு பொலம்புததத்தான சார் நான் வீட்ல போயிச் சொன்னேன்," என்றாள்.

மற்றப் பத்தொன்பது பேருக்கும் போர்டில் தொகை வந்துவிடுமே என்று பயம். இவளுக்குப் பெயர் வராதே என்று பயம். பெயர் இல்லாத போர்டுக்கு முன்னால் மாமியார் நாலு பேரோடு வந்து நின்றால், அதற்கப்புறம் அந்த வீட்டில் இவள் எப்படித் தலைநிமிர்ந்து சோறு தின்பாள்? பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவதற்கென்று எங்கள் ஆபீஸில் தனியாக ஒரு படிவம் கிடையாது. "லீவு போட்டுட்டு மாமிய எங்கனயாவது கூட்டிட்டுப் போயேன்," என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு லீவு கிடையாது என்பது அவள் போனபிறகுதான் ஞாபகம் வந்தது.

கோப்பு நகர்ந்தது. சுத்தப் பிரதியை நான் பார்த்துச் சுருக்கொப்பம் போட்டேன். அடுத்த மேஜை, சங்கர், நேர்முக உதவியாளர், கடைசியாக மேடம் என்று ஐந்து கையெழுத்து. புதன்கிழமை பெயின்டர் எழுதி முடித்தார். அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

போர்டு வந்த அன்றைக்கே ஆபீஸ் மாறிவிட்டது. மேடம் சம்பளம் தொண்ணூற்று மூவாயிரம், சங்கருக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் என்று தெரிந்ததும், மேடம் வரும்போது சங்கர் எழுந்து நிற்கிற உயரம் கொஞ்சம் குறைந்தது. பெனிட்டோவைப் பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் வண்ணார்பேட்டைக்கு வந்தவர், போர்டைப் பார்த்துவிட்டு மாடி ஏறாமலே பஸ் ஏறிவிட்டார். அன்னத்தாய் தன் பெயரின் மேல் படும்படி கோலப்பொடி விளம்பரம் ஒன்றை ஒட்டினாள், மேடம் கிழிக்கச் சொன்னார். கிழித்தபின் வந்த இரண்டாவது பஸ்ஸில் அவள் மகன் வந்தான், மறுநாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. சட்டத்தின் நாலாவது பிரிவில் இதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. என் சின்னத் தம்பி ஃபோனில் ஹலோகூடச் சொல்லவில்லை. "எழுவத்திரெண்டாம்லா," என்றான், வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வேதநாயகம் சார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போர்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார், பிறகு மாடி ஏறி வந்து என்னிடம் கேட்டார்.

"உங்க அலுவலகத்துக்கு அனுமதிச்ச பணியிடம் பத்தொன்பதுன்னுதானே பதில் குடுத்திய. போர்டுல இருபது பேரு இருக்கே?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. வரிசை எண் இருபது, தஸ்லிமா, கணினி இயக்குபவர், மொத்தம் 11,400, பிடித்தம் இல்லை, கையில் பெறுவது 11,400. மேலே உள்ள பத்தொன்பது பேருக்கும் என்ன எழுத்தோ அதே எழுத்து, அதே நீலப் பெயின்ட். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஐந்து பேரும் அவரவர் வரிசையைப் பார்த்தோம், நமக்கு மேலே உள்ளவன் எவ்வளவு வாங்குகிறான் என்று பார்த்தோம், அதோடு முடித்துக்கொண்டோம். நமக்குக் கீழே இருக்கிற வரிசையைப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

சங்கர் குதித்தார். அரசு ஆவணத்தைத் திருத்திய குற்றம், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும் என்றார். குறிப்பாணை அரசு ஊழியருக்குத்தான் கொடுக்க முடியும், அவளுக்குக் கொடுத்தால் அவள் அரசு ஊழியர் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்றேன். அப்படியானால் உடனே அந்த வரியை அழிக்கவேண்டும் என்று மேடத்திடம் போனார்.

மேடம் கோப்பை வாங்கிக் கையெழுத்துகளை எண்ணினார். "அழிக்கலாம் சார். ஏன் அழிக்கிறோம்னு எழுதணும். படிக்காம கையெழுத்துப் போட்டோம்னு எழுதினா, அஞ்சு பேருக்கும் குறிப்பாணை குடுக்கணும். நானும் என் வரிசையைத்தான் பார்த்தேன், அதனால முதல் குறிப்பாணை எனக்கு. எழுதட்டுமா?"

சங்கர் எழுத வேண்டாம் என்றார். அந்த வரி அப்படியே நின்றது.

நான் தஸ்லிமாவிடம் போய்க் கேட்டேன். கோபம் பாதி, தெரிந்துகொள்கிற ஆசை பாதி. "சேத்ததுதான் சேத்த, முப்பத்தாறாயிரம்னு சேத்திருக்கலாம்லா? மாமிக்கும் கணக்குச் சரியாப் போயிருக்குமே."

"பொய் சொல்லி அலுத்துப்போச்சு சார்," என்றாள். "வாயால சொல்லத் தைரியமில்ல. போர்டு சொல்லட்டும்னு வச்சேன். பேரு இருந்தாப் போதும்."

மைதீன் பாத்திமா மறுநாளே வந்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டி போட்ட அறுபது தாண்டிய அம்மாள், கூட இரண்டு பெண்கள், ஓர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். நான் டீக்கடையில் நின்றிருந்தேன். மேலிருந்து விரலை வைத்து வைத்துப் படித்துக்கொண்டே இறங்கினார். விரல் இருபதாவது வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "இந்தா இருக்கு பாருங்கட்டி, தஸ்லிமா," என்றார். பக்கத்து வீட்டுப் பெண் மீதி வரியையும் சத்தமாகப் படித்தாள். பிடித்தம் இல்லை. கையில் பெறுவது பதினோராயிரத்து நானூறு.

விரல் போர்டிலேயே நின்றது. அந்த அம்மாள் மறுபடியும் தானே ஒருமுறை படித்தார். பிறகு மேல்வரியைப் படித்தார். அன்னத்தாய், அலுவலக உதவியாளர், நாற்பத்தாறாயிரம். யாரோ சொல்லித் தஸ்லிமா படியில் இறங்கி வந்து நின்றாள். தலை குனிந்திருந்தது.

"பிடித்தம் இல்லியாம்லா?"

"இல்ல மாமி."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா மாமி."

இனி என்ன விழப்போகிறதோ என்று நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அந்த அம்மாள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி, நீங்க இந்த ஆபீஸா? நான் பீடி சுத்துதவ. நாப்பது வருஷமாச் சுத்துதேன். எனக்குப் பாஸ்புக் இருக்கு, பி.எஃப். பிடிக்காங்க, போனஸ் குடுக்காங்க. இல்லன்னா சங்கத்துக்காரங்க கம்பெனி வாசல்ல போயி உக்காந்துருவோம். பாஸ்புக் இல்லாமச் சுத்துத ஏழைப்பட்டதுக உண்டு, அடுத்தவ பேர்ல வேல செய்யும், கூலியும் கம்மி, பி.எஃப்.பும் கெடையாது. கவர்மென்ட்டு ஆபீஸ்ல வச்சு என் மருமவள அப்படியா வச்சிருக்கிய?"

எத்தனையோ தணிக்கைக்குப் பதில் எழுதியவன், போர்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"நீ டிபன் பாக்ஸ எடுத்துட்டு வா," என்று தஸ்லிமாவிடம் சொன்னார். "எங்கிட்டச் சொன்ன பொய்ய நான் வீட்ல வச்சுக் கேட்டுக்கிடுதேன். இது வேற."

தஸ்லிமா ஆட்டோவில் ஏறினாள். அன்று தேதி பதினெட்டு. சம்பளப் பட்டியலைக் கருவூலத்துக்கு ஏற்றக் கடைசி நாள் இருபத்து மூன்று.

பத்தொன்பதாம் தேதி வராதபோது யாரும் கவலைப்படவில்லை. இருபதாம் தேதி மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், பே பில் ஏத்தியாச்சா?"

"தஸ்லிமா வரல மேடம்."

"பில் கிளார்க் நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"உங்களுக்குப் போடத் தெரியாதா?"

"கையெழுத்துப் போடத் தெரியும் மேடம்."

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பேப்பரில் பில் எழுதிய காலத்தில் நான் ராஜா. எல்லாம் கணினிக்கு மாறியபோது பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாடு வரை இருந்துவிட்டு வந்தேன். மீதியைத் தஸ்லிமா தானாகக் கற்றுக்கொண்டாள். கணினி படித்த பையன் என்று பெனிட்டோவை உட்கார வைத்தோம். மூன்று முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துக் கணக்கையே பூட்டிவிட்டான். அந்தச் சாயங்காலம் கீழே போய்ப் போர்டைப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாலாயிரம், தொண்ணூற்று மூவாயிரம், எழுபத்திரண்டாயிரம் என்று ரோட்டில் போகிறவருக்கெல்லாம் அறிவித்திருக்கிறோம். மாதக் கடைசியில் அதில் ஒரு ரூபாய்கூட வராது. வர வேண்டுமென்றால் பதினோராயிரத்து நானூறு வந்தாக வேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி நானும் சங்கரும் மேலப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தோம். வீடு கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. தெருவிலேயே அந்த ஒரு வீட்டுக்குத்தான் மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மைதீன் பாத்திமா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், தஸ்லிமா டீ கொண்டுவந்து வைத்தாள், அந்த அம்மாளின் கை மட்டும் நிற்கவில்லை.

சங்கர் பொதுநலன், அரசுப் பணி, மக்கள் சேவை என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் ஒரு பீடியை மடித்து நூல் கட்டி முடிக்கும்வரை கேட்டார்.

"இவளுக்குன்னு அந்த ஏஜென்சிக்காரனுக்கு மாசம் எவ்வளவு குடுக்கிய?"

சங்கர் என்னைப் பார்த்தார். பில் பாஸ் செய்கிறவன் நான்.

"பதினேழாயிரத்து எண்ணூறு," என்றேன்.

தஸ்லிமா நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தொகையை அவள் அதுவரை கேட்டதில்லை. அவள் டைப் செய்யாத ஒரே பில் அதுதான், ஏஜென்சியே அச்சடித்துக் கொண்டுவரும்.

"அந்த பில்லுல பி.எஃப்.னு ஒரு வரி இருக்குமே?"

"இருக்கு."

"கெட்டின செலான் கேட்டுப் பாத்தியளா?"

"இல்ல."

"ஒரு மாசம்கூடவா?"

மாதம் ஒன்று வீதம் பதினோரு வருஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு பில். நூற்று முப்பத்திரண்டிலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது. ஏஜென்சிக்காரன் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் கொண்டுவந்து கொடுப்பான், அது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவமானமாகவே இருந்தது. பீடி சுற்றுகிற அம்மாளுக்குத் தெரிந்த வேலை முப்பது வருஷம் பில் செக்‌ஷனில் இருந்த எனக்குத் தெரியவில்லை என்பதல்ல, எனக்குத் தெரியும், நான் பார்க்கவில்லை.

"இவ வரணும்னா ரெண்டு காரியம் செய்யணும்," என்றார் மைதீன் பாத்திமா. "ஒண்ணு, போர்டுல பேர அழிக்கப்பிடாது. ரெண்டு, இவ சம்பளத்துல பி.எஃப். பிடிக்கணும்."

சங்கருக்குப் புரியவில்லை. "பிடிச்சா கையில வாங்குதது குறையுமேம்மா."

"குறையட்டும். பிடிக்கணும்."

"சம்பளத்தக் கூட்டிக் கேக்கலியா?"

"கேட்டாக் குடுப்பியளா?"

சங்கர் டீயைக் குடித்தார். தஸ்லிமா என்னிடம் சொன்னாள். "ஆபீஸ்ல விளக்கம் கேட்டா எழுதித் தருதேன் சார். நான்தான் சேத்தேன்னு எழுதுதேன். பேர மட்டும் எடுத்துராதிய."

திரும்பி வரும்போது சங்கர் ஆட்டோவில் தலையைத் தலையை ஆட்டினார். "பிடித்தம் கூடிப்போச்சுன்னு நாம சங்கத்துல தீர்மானம் போடுதோம். இந்தம்மா பிடிங்கன்னு மல்லுக்கு நிக்காங்களேவே."

மறுநாள் தஸ்லிமா வந்தாள். காலையில் கணினிக் கணக்கின் பூட்டைத் திறந்து, சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர் பட்டியலையும் ஏற்றிவிட்டாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வயது ஐம்பத்தாறு, இனியாவது கற்றுக்கொள்ளலாம். அதே நாளில் ஏஜென்சியின் பில்லைத் திருப்பி அனுப்பினேன், வைப்பு நிதி செலுத்திய செலான் இணைக்கப்படவில்லை என்று எழுதி. பதினோரு வருஷத்தில் அந்த பில்லுக்கு நான் எழுதிய முதல் ஆட்சேபணை. ஏஜென்சிக்காரன் ஃபோன் செய்து, "என்ன அண்ணாச்சி, திடீர்னு," என்றான். கேக் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடம் ஒரு படி மேலே போய், பழைய நூற்று முப்பத்திரண்டு மாதத்துக்கும் கணக்குக் கேட்டுத் தொழிலாளர் வைப்பு நிதி அலுவலகத்துக்கு எழுதினார். அதற்கு இதுவரை மூன்று நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. அந்த வாக்கியம் அடுத்தவன் எழுதிப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெயின்டரைக் கூப்பிட்டு இருபதாவது வரியைத் திருத்தினோம். சங்கர் மகள் கல்யாணம் நூற்றிருபது பவுனில் நிச்சயமாகியிருந்தது. போர்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் இருபது கூட்டிவிட்டார்கள். என் தம்பி வள்ளத்துக்கு நான் இன்ஜின் வாங்கிக் கொடுத்திருந்தேன். அன்னத்தாய் மகளோடு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். உண்மை தெரிந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள், அவர்களுக்கு வள்ளம் வைத்திருக்கிற தம்பிமார் இல்லைபோல.

போர்டு திருத்திய அன்று மைதீன் பாத்திமா அதே இரண்டு பெண்களோடு மறுபடியும் வந்தார். கையில் தூக்குவாளி நிறைய வட்டலாப்பம். பெயின்ட் காயவில்லை, தொடாமல் விரலைக் காற்றில் வைத்துப் படித்தார். மொத்தம் பதினோராயிரத்து நானூறு. பிடித்தம் ஆயிரத்து முன்னூற்று அறுபத்தெட்டு. கையில் பெறுவது பத்தாயிரத்து முப்பத்திரண்டு. "பிடித்தம் போட்டாச்சு, பாத்துக்கிடுங்க," என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னார். சம்பளம் குறைந்ததற்காக ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்த குடும்பத்தை நான் அன்றுதான் பார்த்தேன். தஸ்லிமா படியில் நின்று சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள், டைப் செய்ய வேண்டியது கிடந்தது.

அவள் வீட்டில் சொல்லிவந்த பொய்யில் மாதம் ஆயிரத்து முன்னூற்று அறுபத்தெட்டு ரூபாய் உண்மையாகிவிட்டது. மீதி இருபத்து மூவாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு ரூபாய்க்காக மேலப்பாளையத்து மொட்டைமாடியில் அந்தக் கம்பிகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.